குறைந்தது / குறைத்தது: டொராண்டோ நகரத்தின் காற்றுக் கணக்கு

தமிழில் 'குறைந்தது' என்பதற்கும் 'குறைத்தது' என்பதற்கும் ஒரே ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். முன்னது தன்வினை, காரியம் தானாக நடந்துவிட்டது. பின்னது பிறவினை, யாரோ செய்தார்கள், அந்த யாரோவுக்கு ஒரு பெயர் இருந்தாக வேண்டும். தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதைத் 'திருந்தினான் – திருத்தினான்' என்று நெட்டுருப் போட்டதோடு சரி. கனடாவின் டொராண்டோ நகரசபை வெளியிடுகிற கரியமிலவாயுக் கணக்கறிக்கைகளையும், அந்த ஊரின் சுற்றுச்சூழல் பற்றிப் பத்திரிகைகளும் வானொலியும் அரை நூற்றாண்டாகச் சொல்லி வந்ததையும் ஒன்றாக வைத்துப் படிக்கும்போது, அந்த ஒரு மெய்யெழுத்து எவ்வளவு வேலை பார்க்கிறதுங்கிறது விளங்குகிறது. வெளியேற்றம் குறைந்துள்ளது. இலக்கு எட்டப்பட்டுள்ளது. வீடுகள் வெப்பமடைகின்றன. எழுவாய் எங்கே என்று தேடினால் 'நகரம்' என்று ஒரு சொல் வந்து நிற்கும். நகரம் என்றால் யார்?

ஏன் டொராண்டோ என்று நண்பர்கள் கேட்கலாம். அங்கே நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பது காரணமில்லை (அவர்களும் பிறகு வருவார்கள்). வானிலை என்கிற சர்வதேச விவகாரத்தை ஒரு முனிசிபாலிட்டியின் விவகாரமாக, ஒரு சதவீதக் கணக்காக மாற்றிய முதல் சில இடங்களில் அந்த ஊர் ஒன்று. அது மட்டுமில்லை. அதற்கு முன்பே அங்கே வேறொரு வகையான எழுத்து இருந்தது. அந்த எழுத்து எப்படி மறைந்தது, அதன் இடத்தில் எது வந்து உட்கார்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1967 அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை. கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி. 'மரணக் காற்று' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆவணப்படத்தைக் காட்டியது. பல ஊர்களின் காற்றைப் பற்றிய படம்தான். ஆனால் மக்களின் மனதில் தைத்தது ஈரி ஏரிக் கரையை ஒட்டிய டன்வில் பகுதி. அங்கே பாஸ்பேட் உர ஆலை ஒன்றின் புகையிலிருந்த புளூரின் பயிரைக் கருக்கி, மாடுகளை முடமாக்கியதைப் படம் காட்டியது. மனிதர்களின் உடம்புக்கும் கேடு என்றது. மாகாண அரசு உடனே விசாரணைக் குழு போட்டது. குழு யாரைக் கண்டித்தது தெரியுமா? படத்தை எடுத்தவர்களை. மிகைப்படுத்திவிட்டார்களாம். ஒளிபரப்பு ஆணையமும் தன் பங்குக்கு விசாரணை வைத்தது. இதைப் பார்த்துக் கொதித்துப் போன டொராண்டோ பல்கலைக்கழக மாணவர்களும் சில ஆசிரியர்களும் 1969இல் சேர்ந்து உருவாக்கியதுதான் 'பொல்யூஷன் புரோப்' என்கிற அமைப்பு. அதே ஆண்டு நவம்பரில் டான் ஆற்றுக்கு இவர்கள் சவ ஊர்வலம் நடத்தினார்கள். நிஜமாகவே பெட்டி, பாடை வண்டி, அழுகை எல்லாம் உண்டு. ஆறு செத்துப் போச்சு என்பதைவிட ஆற்றைக் கொன்றவர்கள் யார் என்பதே அந்த ஊர்வலத்தின் வாசகம்.

அடுத்தது ஈயம். நகரின் கிழக்கே சவுத் ரிவர்டேல் என்ற தொழிலாளர் குடியிருப்பு. அங்கே கனடா மெட்டல் என்ற ஈயம் உருக்கும் ஆலை. 1970களின் தொடக்கத்தில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருப்பது தெரிய வந்தது. 1974 ஜனவரியில் சி.பி.சி. வானொலி இதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி தயாரித்தது. கம்பெனி நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கியது. இந்தத் தடையை நான் ஒரு பாராட்டாகவே வாசிக்கிறேன். வாக்கியத்தில் எழுவாய் இருந்தது. இந்த ஆலை, இந்தப் புகைபோக்கி, இந்தத் தெருவின் குழந்தை. எழுவாய் இருக்கிற வாக்கியத்துக்கு எதிராகத்தான் வழக்குப் போட முடியும். 1980களின் கடைசியில் நூற்றுக்கணக்கான வீடுகளின் முற்றத்து மண்ணைத் தோண்டி எடுத்துப் புதுமண் போட்டார்கள். மண்ணை மாற்ற வைத்தது தெருக்காரர்களும் அவர்களோடு நின்ற ஒரு சுகாதார நிலையமும். அவர்கள் பேசியதை அச்சிலும் காற்றிலும் ஏற்ற ஆள் இருந்தது.

பொற்காலம் என்று இதைச் சொல்ல வரவில்லை. டொராண்டோ ஸ்டாரின் சனிக்கிழமை இதழில் 'வீல்ஸ்' என்று கார்களுக்கே தனிப் பகுதி உண்டு. அப்புறம் வீட்டுமனை விளம்பரம். புறநகர் விரிய விரியப் பத்திரிகை கொழுத்தது. காரும் மனையும் சேர்ந்து ஊரை என்ன செய்தன என்று எழுத வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அதே காரும் மனையும் சிரித்துக் கொண்டிருக்கும். நம்மவர்கள் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் நடத்துகிற இலவசத் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கோட்டுப் போட்ட வீட்டு முகவர்களின் முகங்களுக்கு நடுவே தேடித்தான் கட்டுரையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆக, எந்த எழுவாயை எழுதலாம், எதை விழுங்க வேண்டும் என்ற கணக்கு பத்திரிகைக்குள்ளேயே இருந்தது. இருந்தாலும், புகைபோக்கியைக் கைநீட்டிக் காட்டுகிற பழக்கம் ஒன்று அந்த ஊர் எழுத்தில் உருவாகியிருந்தது என்பதை மறுக்க முடியாது.

1988இல் கதை மாறுகிறது. ஜூன் 27 முதல் 30 வரை டொராண்டோவில் 'மாறிவரும் வளிமண்டலம்' பற்றிய உலக மாநாடு. 46 நாடுகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், அதிகாரிகள், அரசியல்வாதிகள். தலைமை ஸ்டீபன் லூயிஸ். நான்கு நாள் முன்புதான் ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட்டில் போய் பூமி சூடாகிக் கொண்டிருக்கிறது என்று சாட்சி சொல்லியிருந்தார். மாநாட்டின் அறிக்கை, மனிதகுலம் நடத்திக் கொண்டிருக்கிற இந்தச் சோதனையின் விளைவு அணு ஆயுதப் போருக்கு அடுத்தபடியாக இருக்கும் என்கிற அளவுக்குப் போனது. கூடவே ஒரு எண்ணையும் தந்தது: 2005க்குள் உலகின் கரியமிலவாயு வெளியேற்றத்தை 1988ஆம் ஆண்டின் அளவிலிருந்து 20 சதவீதம் குறைக்க வேண்டும்.

நாடுகள் இந்த எண்ணைக் கண்டுகொள்ளவில்லை. மாநாட்டுக்கு இடம் தந்த ஊர் கண்டுகொண்டது. 1990இல் டொராண்டோ நகரசபை அதே 20 சதவீதத்தைத் தன் இலக்காக ஏற்றது. 1991இல் 'டொராண்டோ வளிமண்டல நிதியம்' பிறந்தது. அதற்கான மூலதனம் 2 கோடியே 30 லட்சம் டாலர். ஊருக்கு வடக்கே லாங்ஸ்டாஃப் என்ற இடத்தில் நகரத்துக்குச் சொந்தமாக இருந்த பழைய சிறைப் பண்ணை நிலத்தை விற்று வந்த பணம் அது. கைதிகள் உழுத நிலத்தை விற்றுக் காற்றைச் சுத்தம் செய்யப் புறப்பட்டார்கள்! யாராவது ஒரு நாவலாசிரியர் இதை எடுத்துக் கொள்ளலாம். 1990இல் தொடங்கிய உள்ளாட்சிகளின் சர்வதேசச் சுற்றுச்சூழல் அமைப்பான 'இக்லி'யும் தன் தலைமையகத்தை அந்த ஊரிலேயே வைத்துக் கொண்டு, ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களுக்குக் கரியமிலவாயுவைக் கணக்கெடுக்கச் சொல்லிக் கொடுத்தது. மேற்கே வான்கூவரும் அதே 1990இல் இதே விஷயம் பற்றி ஒரு பணிக்குழு அறிக்கையைக் கொண்டு வந்துவிட்டது. தேசங்கள் கைவிட்டதை நகரங்கள் எடுத்தன என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். நியாயமான பெருமைதான். நாடுகள் கியோட்டோவில் உட்கார்ந்து எண் பேசுவதற்கு ஏழாண்டு முந்தி ஒரு முனிசிபாலிட்டி தன் மீது தானே எண்ணைச் சுமத்திக் கொண்டது.

ஆனால் எண் வந்ததும் எழுத்தின் தன்மை மாறியது. ஈயம் ஒரு புகைபோக்கியிலிருந்து வந்தது. கரியமிலவாயு ஒவ்வொரு வீட்டின் நிலவறையிலும் எரிகிற எரிவாயு உலையிலிருந்து வருகிறது. டொராண்டோவின் வெளியேற்றத்தில் பாதிக்கு மேல் கட்டடங்களிலிருந்து. அதில் பெரும்பங்கு குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிக்கிற இயற்கை எரிவாயு. அடுத்து வாகனம். அதற்கும் அடுத்து குப்பை. இதில் யாரைக் கைநீட்டிக் காட்டுவது? ஆகவே கூட்டல் போட்டார்கள். மக்கள்தொகை, சுகாதாரம் என்று எண்ணத் தொடங்கியபோதுதான் அரசு ஒரு புதுவகை அதிகாரத்தைக் கற்றது என்று ஃபூக்கோ சொன்னதை இங்கே நினைத்துக் கொள்ளலாம். எண்ணுவதற்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருப்பது 'நகரம்'. வெளியே இருப்பது கணக்கில் வராது.

அந்தக் கோட்டைக் கொஞ்சம் பாருங்க. டொராண்டோவின் பெரிய விமான நிலையம் பியர்சன். பெயரில் டொராண்டோ, நிலமோ பெரும்பாலும் பக்கத்து ஊரான மிசிசாகா. அங்கிருந்து வான்கூவருக்கோ கொழும்புக்கோ பறக்கிற விமானத்தின் புகை நகரத்தின் இலக்குக் கணக்கில் சேராது. கப்பலில் வந்து இறங்குகிற சட்டையும் தொலைபேசியும் எங்கே செய்யப்பட்டனவோ அந்த ஊரின் பாவம். குப்பை வேறொரு கதை. வாகன் நகரில் இருந்த கீல் வேலி குப்பைமேடு 2002 இறுதியில் மூடப்பட்டது. பிறகு 2010 முடிய குப்பை லாரிகள் எல்லை தாண்டி அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போயின. 2007இல் நகரசபை தென்மேற்கே செயின்ட் தாமஸ் ஊருக்கருகே கிரீன் லேன் என்ற குப்பைமேட்டை விலைக்கு வாங்கியது. அதற்குப் பக்கத்திலேயே ஒனைடா பூர்வகுடிகளின் குடியிருப்பு இருக்கிறது. குப்பையிலிருந்து வரும் மீத்தேனைக் கணக்கில் சேர்க்கத் தெரிந்திருக்கிறது. நாற்றத்தைச் சேர்க்க எந்த வாய்பாடும் கிடையாது. அதை மோந்து பார்த்து எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் நிருபர்.

2005 வந்தது, போனது. 20 சதவீதத்துக்கு ஒரு கருமாதி கூட நடக்கவில்லை. நடுவில் 1998இல் மாகாண அரசு டொராண்டோவோடு ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ, யார்க், ஈஸ்ட் யார்க் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே மாநகரமாக்கியிருந்தது. 1997இல் மக்களிடம் கேட்டபோது நான்கில் மூன்று பங்குப் பேர் வேண்டாம் என்றார்கள், கேட்டதோடு சரி. எல்லைக்கோடே மாறிவிட்டதால் 1990இன் வாக்குறுதியைக் கொடுத்த 'நகரம்' எது என்பதே தெளிவில்லாமல் போயிற்று. 2007இல் புதிய திட்டம்: 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2012க்குள் 6 சதவீதம், 2020க்குள் 30, 2050க்குள் 80. முந்தைய இலக்கோடு வைத்துப் பாருங்கள். 2005க்குள் 20 என்றவர்கள் 2012க்குள் 6 என்கிறார்கள். அடிப்படை ஆண்டும் நகர்ந்துவிட்டது. அந்த 6, கியோட்டோவில் கனடா ஏற்ற எண். கனடாவோ 2011 டிசம்பரில் கியோட்டோவை விட்டே வெளியேறியது.

சுவாரசியம் என்னான்னா, 2020க்கான 30 சதவீதம் எட்டப்பட்டுவிட்டது. இந்த இடத்தில்தான் அந்த மெய்யெழுத்து. குறைந்ததா, குறைத்ததா? குறைத்தது என்றால் குறைத்தது யார்?

ஒன்டாரியோ மாகாணத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய கால் பங்கு 2003 வாக்கில் நிலக்கரியிலிருந்து வந்தது. 2005இல் மிசிசாகாவின் லேக்வியூ அனல்நிலையம் மூடப்பட்டது. 'நான்கு சகோதரிகள்' என்று ஊரார் கூப்பிட்ட அதன் நான்கு புகைபோக்கிகளை 2006 ஜூனில் வெடிவைத்துச் சாய்த்தார்கள். வட அமெரிக்காவின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையமாக இருந்த நான்டிகோக் 2013 முடிவில் நின்றது. கடைசியாக 2014 ஏப்ரலில் தண்டர் பே. டொராண்டோவாசி அதே விளக்கைப் போட்டார், அதே குளிர்பெட்டியை வைத்திருந்தார். அவர் பெயரில் எழுதப்பட்ட கரியமிலவாயு குறைந்தது. நகரசபையின் அறிக்கைகளே நிலக்கரி மூடப்பட்டதை முக்கியக் காரணமாக ஒப்புக் கொள்கின்றன. ஆனால் 'மூடப்பட்டது' என்று விட்டால் மறுபடியும் எழுவாய் போச்சு. அனல்நிலையங்களை மூடியது மாகாண அரசு. மூட வைத்தது, 1997இல் தொடங்கிய ஒன்டாரியோ தூய காற்றுக் கூட்டணியும், புகைமூட்டம் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு வந்து சேர்த்த நோயாளிகளைப் பற்றிப் பேசிய டாக்டர்களும், அவர்களை வருஷக்கணக்கில் விடாமல் அச்சேற்றிய செய்தியாளர்களும். அப்போது பேசியது வானிலை பற்றிக் கூட இல்லை. ஆஸ்துமாவைப் பற்றி, நுரையீரலைப் பற்றி. ஒரு சதவீதம் வெற்றி பெற்றதாகச் சொல்லப்படுகிற கதைக்கு உள்ளே, உடம்பைப் பற்றிய பேச்சு ஒன்று புதைந்து கிடக்கிறது.

எதிர்த்திசையிலும் இதுதான் நியதி. 2023 டிசம்பரில் ஒன்டாரியோ எரிசக்தி வாரியம் ஒரு தீர்ப்புச் சொன்னது. புதிய வீட்டுக்கு எரிவாயுக் குழாய் இழுக்கிற செலவை 40 ஆண்டுகளுக்குப் பரப்பி எல்லா வாடிக்கையாளர் தலையிலும் கட்டுவதை நிறுத்து, கட்டுகிறவர் முன்பணமாகக் கொடுக்கட்டும் என்றது. எரிவாயு விநியோகிப்பது என்பிரிட்ஜ். மறுநாளே மாகாண அமைச்சர் தீர்ப்பை மாற்றுவோம் என்றார். 2024 மே மாதம் சட்டமே வந்துவிட்டது. டொராண்டோவின் கணக்கில் பாதிக்கு மேல் கட்டடம் என்று பார்த்தோம். அந்தக் கட்டடத்தின் குழாயைத் தீர்மானிப்பது நகரசபை இல்லை. 1867இன் அரசியல் சட்டத்தில் நகரங்கள் மாகாணங்களின் பிள்ளைகள். கேட்டுப் பேச வேண்டிய பிள்ளைகள். 2018இல் தேர்தல் நடந்து கொண்டிருக்கும்போதே 47ஆக இருந்திருக்க வேண்டிய நகரசபை உறுப்பினர் எண்ணிக்கையை மாகாணம் 25ஆக வெட்டியது. உச்ச நீதிமன்றமும் 2021இல் ஐந்துக்கு நான்கு என்று அதைச் சரி என்றது. பிள்ளை 2019 அக்டோபரில் வானிலை அவசரநிலை அறிவித்தது. 2021 டிசம்பரில் நிகர வெளியேற்றம் 2040க்குள் பூஜ்யம் என்றது. இலக்கு பெரிதாகிக் கொண்டே போகிறது, கை சின்னதாகிக் கொண்டே போகிறது. இரண்டையும் ஒரே பத்தியில் வைத்து எழுத ஆள் வேண்டுமே.

எழுத ஆள் இருந்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி. 2022 கடைசியில் மாகாண அரசு டொராண்டோவைச் சுற்றியுள்ள பாதுகாக்கப்பட்ட பசுமை வளையத்திலிருந்து சுமார் 7,400 ஏக்கரை வீடு கட்ட விடுவித்தது. விடுவிக்கப்பட்டது என்றுதான் அரசு சொன்னது. நார்வால் என்ற சிறிய சுற்றுச்சூழல் இதழும் டொராண்டோ ஸ்டாரும் சேர்ந்து பத்திரப் பதிவுகளைத் தோண்டி, எந்த நிலம் எந்தக் கட்டுமான முதலாளியிடம் எப்போது போனது என்று வரிசைப்படுத்தின. பெயர், தேதி, விலை. அதாவது எழுவாய், காலம், செயப்படுபொருள். 2023 ஆகஸ்டில் மாகாணத் தலைமைத் தணிக்கையாளர், அந்த நிலங்களின் மதிப்பு 800 கோடி டாலருக்கு மேல் உயரும் என்றார். வீட்டுவசதி அமைச்சர் விலகினார். செப்டம்பர் 21 அன்று முதல்வர் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டு நிலங்களைத் திருப்பிச் சேர்ப்பதாக அறிவித்தார்.

அதற்குச் சரியாக ஆறு நாள் முன்பு, செப்டம்பர் 15 அன்று, அதே ஸ்டார் குழுமத்தைச் சேர்ந்த மெட்ரோலேண்ட் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு மனுப் போட்டது. 70 வார இதழ்களின் அச்சை நிறுத்தி 605 பேரை வீட்டுக்கு அனுப்பியது. பசுமை வளையத்தின் ஓரத்து ஊர்களுக்கெல்லாம் இருந்த உள்ளூர்த் தாள்கள் அவை. ஸ்கார்பரோ மிரரும் அதில் போச்சு. இது திடீர் மரணம் இல்லை. 2017 நவம்பரில் இரண்டு பெரிய குழுமங்கள் தங்களுக்குள் 41 பத்திரிகைகளைப் பண்டமாற்றுச் செய்து கொண்டு அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை உடனே மூடின. சீட்டாட்டத்தில் சீட்டை மாற்றிக் கிழித்துப் போட்ட மாதிரி. 2008க்குப் பிறகு கனடாவில் மூடப்பட்ட உள்ளூர்ச் செய்தி நிறுவனங்கள் 500க்கும் மேல்.

ஸ்கார்பரோவில் ஓர் அடுக்குமாடியின் பதினான்காவது மாடியில் இருக்கும், யாழ்ப்பாணத்துக்காரரான மூத்த நண்பரிடம் தொலைபேசியில் இதைக் கேட்டேன். "தம்பி, முந்தியெண்டால் கிழமைக்கொருக்கா வாசல்லை ஒண்டு கொண்டந்து போடுவினம். அதிலைதான் எங்கடை பக்கத்து பஸ், குப்பை, பள்ளிக்கூடம் எல்லாம் வரும். இப்ப அதுவும் நிண்டிட்டுது. நகரசபையிலையிருந்து வடிவான கடதாசியிலை அறிக்கை வருது, படமெல்லாம் போட்டு. அதை ஆர் வாசிக்கிறது?" அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. அறிக்கைக்கும் செய்திக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்லிக் கேட்டதில்லை. அறிக்கை, செய்தவரே எழுதுவது. செய்தி, பார்த்தவர் எழுதுவது.

பேப்பர் போனால் என்ன, முகநூல் இருக்கிறதே என்று சொல்கிறவர்களுக்கு 2023 ஆகஸ்ட் நல்ல பாடம். செய்திக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் சட்டத்தைக் கனடா கொண்டு வந்ததும், மெட்டா நிறுவனம் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளையே அடைத்துவிட்டது. அதே மாதம் 16ஆம் தேதி காட்டுத்தீ நெருங்கியதால் வடக்கே யெல்லோநைஃப் நகரத்தின் சுமார் 20,000 பேரும் ஊரைவிட்டுப் போகச் சொல்லப்பட்டார்கள். தெற்கே போக ஒரே ஒரு நெடுஞ்சாலை. கேபின் ரேடியோ என்ற சின்ன உள்ளூர் நிறுவனம் இரவும் பகலும் எழுதியதை, ஜனங்கள் திரையைப் படம் பிடித்துப் படமாகப் பகிர்ந்து கொண்டார்கள். இணைப்பைப் போட்டால் அடைபடும், படமாகப் போட்டால் தப்பும். தணிக்கை உள்ள நாட்டில் வாசகர்கள் செய்கிற தந்திரம் இது. இங்கே தணிக்கை செய்தது அரசு இல்லை.

சொல்லை யார் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு மழை வரிக் கதையைச் சொல்லியாக வேண்டும். இது நம்மூர்ப் பத்திரிகைகளில்கூட வந்தது. 2024 மார்ச்சில் 'கனடாவில் மழைக்கு வரி' என்று படித்துச் சிரித்திருப்பீர்கள். விஷயம் இவ்வளவுதான். தார், கான்கிரீட் போட்ட பரப்பில் விழுகிற மழை மண்ணுக்குள் போகாமல் சாக்கடைக்கு ஓடுகிறது. எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறாயோ அதற்கேற்பக் கட்டணம் கட்டு என்பது டொராண்டோ ஆலோசித்த திட்டம். அடுக்குமாடிக்காரனைவிடப் பெரிய வாகன நிறுத்துமிடம் வைத்திருக்கிற வணிக வளாகம் அதிகம் கட்ட வேண்டியிருக்கும். மிசிசாகாவில் 2016 முதலே இப்படி ஒரு கட்டணம் உண்டு. ஆனால் 'மழை வரி' என்ற பெயர் முந்திக் கொண்டது. அது அமெரிக்கா, இந்தியா என்று உலகம் சுற்றியது. நகரசபை கலந்தாய்வுக் கூட்டங்களையே நிறுத்தி வைத்தது. பெயர் சூட்டியவர்கள் செய்த வேலையைப் பாருங்கள்: கான்கிரீட் போட்டவன் எழுவாயாக இருந்த வாக்கியத்தில் மழையைக் கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டார்கள். அந்தக் கட்டணம் எந்த வளாகத்துக்கு எவ்வளவு, எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற உள்ளூர்த் தாள்தான் ஆறு மாசம் முந்தி மூடிவிட்டதே. நான்கு மாதம் கழித்து, ஜூலை 16 அன்று, பியர்சனில் சில மணி நேரத்தில் கிட்டத்தட்ட 98 மி.மீ. கொட்டியது. 1969இல் சவ ஊர்வலம் போன அதே டான் ஆறு எழுந்து நெடுஞ்சாலை மேல் ஓடியது. 2013 ஜூலையிலும் இப்படித்தான். அப்போது 126 மி.மீ. அந்தப் பள்ளத்தாக்கில் 1,400 பேரோடு ரயில் ஒன்று தண்ணீரில் நின்றது, போலீஸ் படகில் போய்ப் பயணிகளை இறக்கினார்கள்.

இதிலே ஒரு முரண். 1954 அக்டோபரில் ஹேசல் புயல் வந்து கனடாவில் 81 பேரைக் கொன்றபோது, ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர் போனார்கள். அன்று குற்றவாளி இயற்கைதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தன்வினை. ஆனால் அரசு பிறவினையில் நடந்து கொண்டது: பள்ளத்தாக்கு நிலங்களை வாங்கி, அங்கே வீடு கட்டக் கூடாதென்று சட்டம் போட்டு, ஆற்றுக்கு இடம் விட்டது. டொராண்டோவின் புகழ்பெற்ற பள்ளத்தாக்குப் பூங்காக்கள் அந்தச் சாவுகளின் மேல் முளைத்தவை. இப்போது குற்றவாளி யாரென்று தெரியும். நடவடிக்கைதான் தன்வினையாகிவிட்டது.

கடைசியாக வெயில். 2021 ஜூன் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 பாகை பதிவானது. மறுநாள் அந்த ஊரே எரிந்து போனது. லிட்டனின் படம் உலகமெங்கும் வந்தது. ஆனால் அந்த வாரத்தில் செத்தவர்கள் பெரும்பாலும் வான்கூவர் பகுதியில் தங்கள் வீட்டுக்குள்ளேயே, சத்தமில்லாமல் செத்தார்கள். மாகாண மரண விசாரணை அதிகாரியின் அலுவலகம் ஒவ்வொரு சாவாக எடுத்துப் பார்த்து 2022இல் எண்ணைச் சொன்னது: 619 பேர். 98 சதவீதம் வீட்டுக்குள். மூன்றில் இரண்டு பங்கு எழுபது வயதைத் தாண்டியவர்கள். பாதிக்கு மேல் தனியாக இருந்தவர்கள். இதுவும் ஓர் அரசு அறிக்கைதான், இதிலும் எண்தான். ஆனால் இந்த எண் ஒரு எல்லைக்கோட்டுக்குள் இருக்கிற புகையைக் கூட்டிக் கிடைத்ததில்லை. எந்த வீடு, எந்த அறை, காற்றாடி இருந்ததா, யாராவது வந்து பார்த்தார்களா என்று ஆள் ஆளாகக் கேட்டுக் கிடைத்தது. 2024இல் அந்த மாகாணத்தின் கட்டட விதியில், புதிய வீடுகளில் ஓர் அறையாவது 26 பாகையைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். 619க்கும் அந்த ஒரு வரிக்கும் உள்ள உறவு, 20 சதவீதத்துக்கும் அது பெற்றெடுத்த எதற்கும் இல்லை என்றே நினைக்கிறேன்.

டொராண்டோவில் வீட்டுக்காரர் குளிர்காலத்தில் வாடகை வீட்டை 21 பாகைக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. குளிரில் மனிதர் சாவார் என்பது அந்த ஊருக்கு எப்போதும் தெரியும். கோடையில் 26 பாகைக்கு மேல் போகக் கூடாது என்ற விதி, 2024 வரைக்கும், ஏற்கெனவே குளிர்சாதனம் பொருத்தித் தந்திருக்கிற வீட்டுக்காரருக்கு மட்டும்தான். பொருத்தாதவருக்கு உச்சவரம்பே கிடையாது. நகரத்தின் நடுவில் உள்ள வங்கிக் கோபுரங்களுக்கு 2004 முதல் ஒன்டாரியோ ஏரியில் 83 மீட்டர் ஆழத்திலிருந்து 4 பாகைத் தண்ணீர் குழாயில் வந்து குளிர்விக்கிறது. நிஜமாகவே அற்புதமான ஏற்பாடு, எல்லா அறிக்கையிலும் அதன் படம் இருக்கும். குழாய் ஸ்கார்பரோ வரைக்கும் வரவில்லை. பதினான்காவது மாடியில் நண்பர் ஜூலை மாதம் சன்னலில் ஈரத் துண்டைக் கட்டிவிட்டுக் கீழே வரவேற்பறையில் போய் உட்கார்ந்திருப்பாராம். அங்கே மட்டும் குளிர்சாதனம் உண்டு. "நாங்கள் ஆறேழு பேர் இருப்பம், தம்பி. கிழடுகள்தான். ஆரும் வந்து கேக்கேல்லை, எழுதேல்லை."